சாயக் கூடாத நாற்காலி

எங்கள் பள்ளியில் பெயர் எழுதப்படாத பொருள் எதுவும் கிடையாது. மின்விசிறியின் இறக்கையில் பெயர், டியூப்லைட் பட்டையில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். கோயிலில் உபயம் என்று போடுவதைப் போல, பள்ளியை நடத்தும் கிறிஸ்தவ சபைக்காரர்கள் 'அன்பளிப்பு' என்று போட்டு, கீழே தங்கள் பெயரை எழுதித்தான் எதையும் கொடுப்பார்கள். நான் வியாசர்பாடிக்காரி. எங்கள் வீட்டுச் சுவரில் புத்தர் படம்தான் இருக்கும். தமிழாசிரியையாக இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், கழிவறை வாளியில் சிவப்பு எழுத்தில் 'அன்பளிப்பு: ஜே. பிராங்கிளின்' என்று இருப்பதைப் பார்த்துவிட்டு அன்று முழுக்கச் சிரித்தேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று நினைத்தேன். இருந்தான்.

பிராங்கிளின் எங்கள் தாளாளர். திருவொற்றியூரில் இருக்கும் பள்ளி சபைக்குச் சொந்தம். அதை நடத்த ஒருவரைச் சபைக் கமிட்டி நியமிக்கும். யானைக்கவுனியில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் பிராங்கிளின், நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அந்தப் பதவியை விடவில்லை. பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். சென்னைக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் ஊர்ப் பேச்சு மாறவில்லை.

அவர் கொடுத்ததிலேயே பெரிய பொருள் ஹெச்.எம். அறையில் இருக்கும் தேக்கு நாற்காலி. உயரமான சாய்மானம், கைப்பிடியில் பூ வேலைப்பாடு. பெயரைப் பின்பக்கம் எழுதினால் யாருக்குத் தெரியும் என்று, சாய்மானத்தின் முன்பக்கத்திலேயே, தோள் படும் பட்டையில் தங்க நிறத்தில் எழுதச் சொல்லியிருந்தார். அதனால் அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் சாயக் கூடாது. சாய்ந்தால் பெயர் மறைந்துவிடும். யார் படம் எடுத்தாலும் ஓடி வந்து, "கொஞ்சம் முன்னால வாம்மா, பேரு மறையுது" என்பார். பழைய ஹெச்.எம். ஓய்வு பெறும்வரை அதில் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அவருக்குப் பிறகு அந்த அறைக்கு வந்தவர் சுகிர்தம் டீச்சர். அவருடைய அப்பாவும் தெற்கிலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை போட்டவர். டீச்சர் பிறந்ததும் படித்ததும் ராயபுரத்தில். கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், வீடு எர்ணாவூரில். அறிவியல் பாடம் எடுப்பார். கையில் சாக்பீஸோடு வகுப்பில் நின்றால் கடைசி பெஞ்சுகூட வாயை மூடிக்கொள்ளும். அவரைப் பிராங்கிளின் 'பொறுப்பு ஹெச்.எம்.' என்று உட்கார வைத்தார். வேலை முழுசாக ஹெச்.எம். வேலை, ஆர்டர் மட்டும் வரவில்லை. கேட்டால் கமிட்டியில் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பார். இப்படியே வருஷங்கள் ஓடின.

ஒரு வருஷம் ஆண்டு விழாவையும் டீச்சர்தான் நடத்தினார். பந்தல்காரனோடு சண்டை போட்டதிலிருந்து பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டியதுவரை அவர்தான். தேக்கு நாற்காலியை மேடைக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வரவேற்புரை சொல்லி முடித்துவிட்டு வந்து அதில் உட்கார்ந்தவர், அசதியில் முதுகைச் சாய்த்துவிட்டார். போட்டோகிராபர் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பிராங்கிளினின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மைக் அவர் கையில் இருந்தது. பக்கத்தில் அவருடைய மருமகன் ரெஜி நின்றுகொண்டிருந்தார். ஏதோ ஓட்டல் ஹாலில் பட்டமளிப்பு மேலங்கி மாட்டிப் படம் எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தின மாதத்திலிருந்து தன் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' போட்டுக்கொண்டவர். எந்தப் பல்கலைக்கழகம் என்று அவரைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

"ஏம்மா சுகிர்தம், எந்திரி. டாக்டருக்கு எடம் குடு," என்றார் பிராங்கிளின், மைக்கிலேயே. "இனிமே நம்ம பள்ளிக்கூடத்துக்கு இவிய தான் ஹெச்.எம். டாக்டர் பட்டம் வாங்கினவிய உக்காரக்கூடிய சேர் அது."

மேடையில் வேறு காலி நாற்காலி இல்லை. டீச்சர் எழுந்து, பரிசுக் கோப்பைகள் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார். விழா முடியும்வரை நின்றார். பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தாம் வகுப்பு வரிசையில் அவருடைய மகள் மகிமா உட்கார்ந்திருந்தாள். டீச்சரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ரெஜி நாற்காலி நுனியில், பெயர் தெரியும்படி ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்.

விழா முடிந்து கோப்பைகளை அலமாரியில் அடுக்கும்போது, அந்தாளை இன்னா பண்ணலாம் சொல்லுங்க டீச்சர், எங்க ஏரியா பசங்ககிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும் என்று நான் குதித்தேன். அவர் என்னை உட்காரச் சொன்னார்.

"அடிச்சா ஆறிப்போயிரும் மகிழினி. நான் அந்தச் சேர்ல மறுபடி உக்காரணும். நான் டாக்டர்னு அந்தாளே எந்திச்சு நின்னு, எல்லாரும் கேக்கச் சொல்லணும். அப்பதான் எனக்குத் தூக்கம் வரும்."

சும்மா ஆற்றாமையில் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்துவிட்டார். பாடம், கல்வித் தலைமைத்துவம்.

சனிக்கிழமைதோறும் திருவொற்றியூரில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் செங்கல்பட்டு வண்டியைப் பிடிப்பார். அங்கே ஜெபம் பண்ணித்தான் வகுப்பைத் தொடங்குவார்களாம். நெறியாளர் டாக்டர் ஷெர்லின், டீச்சரைவிட வயதில் சின்னவர், சாதுவான பெண். பைபிளைக் காட்டி, தலைவன் என்பவன் மற்றவர் காலைக் கழுவுகிறவன் என்று அவர் பாடம் நடத்தியபோது, கழுவுகிறவன் அதைப் படம் எடுத்து மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று டீச்சர் கேட்டாராம். வகுப்பே திரும்பிப் பார்த்ததாம். கோபத்தை வைத்து ஆய்வு செய்ய முடியாது என்று ஷெர்லின் சொல்லியிருக்கிறார். டீச்சர் கோபத்துக்கு நல்ல தலைப்பாக ஒன்று கொடுத்தார்: சிறுபான்மைப் பள்ளிகளில் 'பொறுப்பு' தலைமையாசிரியர்கள் எப்படி உருவாக்கப்படுகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு ஷெர்லின் மறுக்கவில்லை.

வீட்டு வேலை, பள்ளி வேலை, ரெஜிக்குப் பதிலாகச் செய்துகொடுக்கும் ஹெச்.எம். வேலை எல்லாம் போகத்தான் படிப்பு. மகிமா கல்லூரிக்குப் போகத் தொடங்கியபின் அம்மாவுக்கு டைப் அடித்துக் கொடுத்தாள். நடுவில் ஒரு தடவை பிராங்கிளினுக்கு நெஞ்சு வலி வந்து பைபாஸ் செய்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, தாளாளர் ஐயா நீடித்த ஆயுளோடு இருக்க எல்லோரும் ஜெபிக்க வேண்டும் என்று கண்ணீரோடு கேட்டுக்கொண்டவர் சுகிர்தம் டீச்சர்தான். என்ன மனசு இந்த அம்மாவுக்கு என்று சபையே உருகிப்போனது. எனக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்தாள் உயிரோடு இருந்து பார்க்க வேண்டும். அந்த ஜெபத்தில் பொய்யே இல்லை.

உடம்பு தேறி வந்தவரிடம்தான் டீச்சர் பேட்டி கேட்டார். பல பள்ளித் தாளாளர்களைப் பேட்டி எடுத்திருந்தார், பிராங்கிளின் ஆறாவது. என்னையும் கூடவே அழைத்துக்கொண்டு யானைக்கவுனிக் கடைக்குப் போனார். அங்கே எனக்கு ஆத்திரம்தான் வந்தது. டீச்சரை எழுப்பி நிற்க வைத்த அந்த ஆண்டு விழா பிராங்கிளினுக்கு நினைவே இல்லை. அவர் பாட்டுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்து, நம்ம பள்ளிக்கூடத்துல இருந்து ஒரு டாக்டர் வரப்போகுது, அதுக்கு நாந்தான் காரணம்னு எழுதிக்கோ என்றார். டீச்சர் பதிவு செய்யத் தன் செல்போனை மேசைமேல் வைத்ததும் வாய் நிறையப் பேசினார். எப்படி நிர்வாகம் செய்கிறேன், ஆட்களை எப்படி வேலை வாங்குகிறேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

கடைசியில், ஆய்வு விதிப்படி பெயர் போட முடியாது ஐயா, தாளாளர் ஆறு என்றுதான் வரும் என்று டீச்சர் சொன்னதும் அவருடைய முகம் சுருங்கிப்போனது. இவ்வளவும் சொன்னது நான், பெயர் மட்டும் கிடையாதா என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். டீச்சர் விதி, விதி என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு எழுந்தார். மின்ட் தெரு முனைக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிக்ஜாம் புயல் வந்தபோது எர்ணாவூர் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. கழிமுகத்தில் கசிந்திருந்த ஆலை எண்ணெயும் வெள்ளத்தோடு வந்ததால் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கோடு இன்றும் இருக்கிறது. டைப் அடித்த அத்தியாயங்களைப் பரணில் போட்டிருந்ததால் அவை தப்பின. பேட்டிகளைப் பதிவு செய்த செல்போன் எண்ணெய்த் தண்ணீரில் கிடந்து செத்துப்போனது. வேறு எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஷெர்லின் பயந்துபோனார். வாய்மொழித் தேர்வுக்கு வரப்போகும் தேர்வாளர் கறாரானவர், ஆறாவது தாளாளர் சொன்னதாக இருக்கும் பகுதியை அவர் நம்பமாட்டார், பதிவும் இல்லை, கற்பனை என்று முடிவு கட்டினால் ஆய்வேடே திரும்பி வந்துவிடும், அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். நானும் சொன்னேன். இத்தனை வருஷப் பாட்டை அந்தாளுக்காக ஏன் தொலைக்க வேண்டும் என்றேன்.

"அந்தாளுக்காகத்தான் இத்தன வருஷமே," என்றார் டீச்சர். அந்தப் பகுதியை அவர் எடுக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு பொதுவில் நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடுவது ஆய்வு செய்தவர் பொறுப்பு. டீச்சர் திருவொற்றியூரிலிருந்து வேனே பிடித்துவிட்டார். ஆசிரியைகள், ஆரம்ப ஜெபம் செய்ய சபை ஆயர், கமிட்டிச் செயலாளர் எல்லோரும் அதில் வந்தோம். முன் இருக்கையில் பிராங்கிளின், வெள்ளை வேட்டி சட்டையோடு. அவரை டீச்சர் வீட்டுக்கே போய் அழைத்திருந்தார். அரங்கத்திலும் முதல் வரிசையில் உட்கார வைத்து, எல்லோருக்கும் முன்னால் சால்வை போட்டார்.

டீச்சர் பேசும்போது குரல் நடுங்கவில்லை. ஆய்வேடு ஆங்கிலத்தில் இருந்தாலும் பேட்டி வரிகளைத் தமிழிலேயே வாசித்தார். ஆறாவது தாளாளரின் பகுதி வந்ததும் கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு, அச்சாக அதே ஊர்ப் பேச்சில் வாசித்தார்.

"ஒருத்தர நெரந்தரமாக்கினா அவிய நிமிந்து உக்காந்துருவாவ. பொறுப்புன்னு போட்டு வச்சிரணும். இன்னிக்கி ஆர்டர் வரும், நாளைக்கி ஆர்டர் வரும்னு ரெண்டாள் வேல பாப்பாவ. பொம்பளையா இருந்தா இன்னும் நல்லது, கேக்கவே மாட்டாவ. கமிட்டி கேட்டா, தகுதியான ஆளு யாரும் வரலன்னு சொல்லிரணும். எவன் போயி பாக்கப் போறான்?"

எங்கள் வரிசையில் ஆசிரியைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேர்வாளர் மதுரைப் பக்கத்துப் பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது நம்பும்படியாக இல்லையே அம்மா என்றார். எந்தத் தாளாளராவது தன் வாயால் இப்படிச் சொல்வாரா, பதிவு இருக்கிறதா என்று கேட்டார். வெள்ளத்தில் போய்விட்டது என்றார் டீச்சர். பெயரையாவது தனியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டதற்கு, வாக்குக் கொடுத்திருப்பதால் சொல்ல முடியாது என்றார். ஷெர்லின் தலையைக் குனிந்துகொண்டார்.

பிறகு டீச்சர் ஒன்று சொன்னார், நிதானமாக.

"இந்த ஆய்வுல நான் பார்த்ததுலயே நிர்வாகம் தெரிஞ்சவர் அவர்தான் சார். அவர் பேரு வெளிய தெரியாமப் போகுதேன்னு எனக்கே வருத்தம்."

பிராங்கிளின் சால்வையை இழுத்து விட்டுக்கொண்டார். நாற்காலியில் முன்னுக்கும் பின்னுக்கும் நகர்ந்தார். தேர்வாளர் தாள்களை மூடி வைத்துவிட்டு, அப்படியானால் இப்படி ஒருவரே இல்லை, இது எழுதியவரின் கற்பனை என்றுதான் நான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றார். எழுந்து நின்று நான் சாட்சி சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். டீச்சர் மேடையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"கற்பன இல்ல சார்," என்று முதல் வரிசையிலிருந்து குரல் வந்தது. பிராங்கிளின் எழுந்து நின்றுவிட்டார். "அது நான் சொன்னது. ஆறாவது தாளாளர் நாந்தான். பேரு ஜே. பிராங்கிளின். எழுதிக்கிடுங்க."

தேர்வாளர், இதே வார்த்தைகளா என்று கேட்டார். இதே வார்த்தைகள்தான் என்றார் பிராங்கிளின். அதோடு உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பார். பின்வரிசைக்கும் கேட்கும்படி திரும்பி நின்றுகொண்டார்.

"இந்த அம்மாவையே நான் அப்பிடித்தான் வச்சிருந்தேன். அப்பிடி வச்சதுனாலதான் இன்னிக்கி டாக்டரா வந்து நிக்கா. டாக்டர் சுகிர்தம்."

பக்கத்தில் இருந்த ஆயர் அவருடைய வேட்டி நுனியைப் பிடித்து இழுத்ததைப் பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. கமிட்டிச் செயலாளர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகுதியான ஆள் யாரும் வரவில்லை என்று வருஷா வருஷம் கமிட்டியில் கேட்டு நம்பியவர் அவர். தேர்வாளர் பிராங்கிளினுக்கு நன்றி சொல்லிவிட்டு, எனக்கு வேறு கேள்வி இல்லை என்றார். அரங்கம் கை தட்டியது. எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியது பிராங்கிளின்தான்.

மதியம் பிரியாணி. பிராங்கிளினுக்குத் தன் கையாலேயே டீச்சர் பரிமாறினார். இன்னும் ஒரு துண்டு போட்டுக்கங்கய்யா என்று உபசரித்தார். அவர் நன்றாகச் சாப்பிட்டார், பாவம் என்று எழுத வருகிறது, எழுதமாட்டேன். ஆயரும் செயலாளரும் வேறு மேசையில் போய் உட்கார்ந்திருந்ததுகூட அவருக்கு உறைக்கவில்லை. திரும்பி வரும்போது வேனில் தன் நிர்வாகத் திறமையைப் பற்றி அவர் மட்டும் பேசிக்கொண்டே வந்தார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் அவருக்கு விளங்கியது. நான் அப்படிச் சொல்லவில்லை என்று மறுக்க அவருக்கு வழியில்லை. அரங்கம் நிறைய ஆட்களுக்கு முன்னால் பெயரும் இனிஷியலும் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னவர் அவர். தாளாளர் பதவி போனது. ரெஜியின் பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தது என்று கமிட்டி முதல்முறையாகக் கேட்டது. பதில் சொல்வதற்குப் பதிலாக ரெஜி வேலையை விட்டுவிட்டார். டாக்டர் சுகிர்தத்துக்கு நிரந்தர ஆர்டர் வந்தது. அன்று ஷெர்லின் தொலைபேசியில் வாழ்த்திவிட்டு, இப்போதாவது அவரை மன்னித்துவிடுங்கள் என்றாராம். மன்னிச்சாச்சு மேடம், சேரை மட்டும் விடமாட்டேன் என்றாராம் டீச்சர்.

ஹெச்.எம். அறைக்கு வெள்ளையடிக்கும்போது காவலாளி குணசேகரன் வந்து கேட்டார்.

"டீச்சர், சேர்ல அந்தாளு பேரு கீது. ஒரு கை பெயிண்ட் அடிச்சுட்டா கண்ணுக்குத் தெரியாது. அடிச்சுடட்டா?"

வேண்டாம் என்றார் டீச்சர். ஒரு எழுத்துகூட உதிரக் கூடாது, துணி போட்டுத் துடைத்து வை என்றார்.

இந்த வருஷ ஆண்டு விழாவுக்கு அதே நாற்காலியை மேடைக்குக் கொண்டுவந்தோம். ரெஜியின் பையன் இன்னும் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறான். அவன் நாட்டியம் ஆடுவதைப் பார்க்கத் தாத்தாவாக பிராங்கிளின் வந்திருந்தார். மூன்றாவது வரிசை, பிளாஸ்டிக் நாற்காலி. உடம்பு இளைத்திருந்தது. அவர் கண் மேடையில் வேறு எங்கும் போகவில்லை.

டீச்சர் வரவேற்புரை முடித்து வந்து உட்கார்ந்தார். அவசரப்படாமல் புடவையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் பூ வேலைப்பாட்டின்மேல் வைத்து, தோள் முழுக்கப் பதியும்படி சாய்ந்தார். கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தவர் எங்கள் பள்ளிக்குப் பழகின போட்டோகிராபர். பழைய பழக்கத்தில் கையைக் காட்டினார்.

"மேடம், கொஞ்சம் முன்னால வாங்க. பேரு மறையுது."

டீச்சர் மூன்றாவது வரிசையைப் பார்த்தார்.

"மறையட்டும்," என்றார். "எடு."